தொண்டை நோவு மருந்துக்குள் வந்த நஞ்சு

இதய வால்வில் பக்டீரியா தொற்றும் நோய் பெரும்பாலும் ஏற்கெனவே பழுதுபட்ட வால்வையே பிடிக்கிறது. இலங்கை, இந்தியா போன்ற நாடுகளில் அந்தப் பழுதுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல். அதற்கு மூலம் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி கொண்டுவரும் தொண்டை நோவு. கிருமியை எதிர்க்கப் புறப்படும் உடல், தன் இதயத் திசுவையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது.

அந்தக் கிருமிக்கு எதிராக 1930களில் கிடைத்த மருந்து சல்ஃபனிலமைட். நாள்தோறும் சிறிதளவு கொடுத்தால் வாதக்காய்ச்சல் திரும்புவது குறையும் என்று 1939இல் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. ஆனால் அதற்கு 2 ஆண்டுகள் முன்பே அந்த மருந்தின் பெயரால் பெரிய சாவு நடந்துவிட்டது. டென்னசி மாநிலத்து மாசெங்கில் கம்பனி அதைப் பாணியாக்க டைஎத்திலீன் கிளைகோல் என்ற தொழிற்சாலைக் கரைப்பானில் கரைத்தது. ருசி, மணம், நிறம் எல்லாம் பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. 100க்கு மேற்பட்டோர் இறந்தனர், அவர்களில் பலர் சிறுவர். மதுசாரம் இல்லாத மருந்துக்கு ‘எலிக்சிர்’ என்று பெயரிட்டது குற்றம் என்றுதான் அன்றைய சட்டத்தால் அதைப் பறிமுதல் செய்ய முடிந்தது! இந்தச் சாவுகளுக்குப் பிறகு 1938இல் அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்தது.

இந்தக் கரைப்பான் இனிப்பானது. கல்லீரல் அதை உடைக்கும்போது உண்டாகும் டைகிளைகோலிக் அமிலம் சிறுநீரகக் கலங்களில் தேங்கி அவற்றைக் கொல்கிறது. முதலில் வாந்தி, பிறகு சலம் குறைந்து நின்றுபோகும்.

பாணி மருந்துகளில் சேர்க்கும் பாதுகாப்பான கரைப்பான்களான கிளிசரினும் புரொப்பிலீன் கிளைகோலும் விலை கூடியவை என்பதால் நஞ்சு அவற்றின் பெயரிலேயே மருந்துக்குள் நுழைகிறது. 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரின் 14 உயிர்களைக் குடித்தது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கு மேற்பட்ட பிள்ளைகள் மாண்டனர். அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் பாணி காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அரசின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகோல் இருந்தது, அனுமதி 0.1 சதவீதம்.

இலங்கையின் மருந்துகளில் கணிசமானவை இந்தியாவிலிருந்தே வருகின்றன. எத்தாளை போன்ற கரையோர ஊரில் தொண்டை நோவுக்கும் தடிமனுக்கும் கடையில் பாணி வாங்கிக் கொடுப்பவர் அதன் கரைப்பானைச் சோதிக்க வழியில்லை. பாணி குடித்த பிள்ளைக்குச் சலம் குறைந்தால், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாதக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கோ பாணி காவல் அல்ல. 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசிதான் வால்வைக் காக்கிறது.