காசிலே பன்றி ஏன்?

ஒரு ரூபாய்க் காசைத் திருப்பிப் பாருங்கள். சிங்கத் தலைகள் தெரிகின்றனவா? அது நம் அரசாங்கத்தின் முத்திரை. முத்திரை இருந்தால்தான் காசு செல்லும்.

பழைய காலத்திலும் இப்படித்தான். அன்று படிக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. உப்பு விற்பவருக்கும் எழுத்து தெரியாது. வாங்குபவருக்கும் தெரியாது. அதனால் அரசர்கள் காசில் படம் போட்டார்கள். படத்தைப் பார்த்தே அது யாருடைய காசு என்று மக்கள் அறிந்தார்கள்.

கடல் கடந்த ரோம் நாட்டின் செப்புக்காசுகள் கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு பக்கம் அரசரின் தலை இருக்கும். மறுபக்கம் தெய்வமோ போர்வீரரோ இருப்பார்கள். "நானே அரசன், வெற்றி எனக்கே" என்று அந்தக் காசு சொன்னது.

சித்தூர், திருப்பதிப் பகுதியை விஜயநகர அரசர்கள் ஆண்டார்கள். அவர்கள் காசில் வேறு படங்களைப் போட்டார்கள்.

இரண்டாம் தேவராயரின் செப்புக்காசில் யானை இருக்கிறது. யானை வேட்டையில் வல்லவர் என்பது அவருடைய பட்டம். கிருஷ்ணதேவராயரின் செப்புக்காசில் கருடன் இருக்கிறது. அவர் திருமலைக்குப் பலமுறை வந்து வணங்கியவர்.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றது. பிறகு திருமலைராயர் ஆண்டார். அவருடைய செப்புக்காசில் பன்றி நிற்கிறது. கூடவே வாளும் சூரியனும் உள்ளன. அது வெறும் பன்றி அல்ல. நீரில் மூழ்கிய பூமியைத் தூக்கி நிறுத்திய வராகர். திருமலையில் குளக்கரையில் முதலில் வணங்குகிறோமே, அந்த வராகசாமிதான். தோற்றுப்போன நாட்டைத் தூக்கி நிறுத்த வேண்டிய அரசருக்கு அது பொருத்தமான படம்தானே?

அடுத்து வந்தவர்களில் வேங்கடபதிராயர் சந்திரகிரியைத் தலைநகராக்கியவர். அவர் தங்கக்காசில் திருமலை வேங்கடவனையே நிற்க வைத்தார்.

ஏர் உழும்போதும் கிணறு தோண்டும்போதும் இப்படிப்பட்ட காசுகள் கிடைப்பதுண்டு. செப்புக்காசுதானே என்று சிலர் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். உருக்கினால் சில ரூபாய்தான் மிஞ்சும். காசு சொல்லும் கதை அழிந்துவிடும்.

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் என்ன சொல்கிறது? 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு.

காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் படமும் எழுத்தும் மறையும். கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதுங்கள். இப்போது உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே!

பேசிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் உள்ள பழைய காசுகளில் என்ன படம் இருக்கிறது? அது எதைக் குறிக்கிறது?