பிஎம்பி: அன்று மனப்பாடம், இன்று மனப்பக்குவம்

ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழ்த் தேர்வு எழுதப் போகிறேன் என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். முன்பே பாஸான சீனியர் யாராவது, "பிம்பாக்கை ரெண்டு தடவை முழுசாப் படிச்சிடு, போதும்" என்பார். அவர் எழுதிய காலத்துக்கு அது பொன்னான யோசனை.

பிம்பாக் என்பது ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் வழிகாட்டி நூல். 2017இல் வந்த அதன் ஆறாம் பதிப்பு எழுநூறு பக்கங்களைத் தாண்டும். 10 அறிவுத் துறைகள், 5 செயல்முறைக் குழுக்கள், 49 செயல்முறைகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே போவது எது, எந்தக் கருவி பயன்படும், வெளியே வருவது எது என்று அத்தனையும் நெட்டுருப் போட்டார்கள். துணைக்கு ரீட்டா மல்காஹியின் தடித்த புத்தகம். ஒருவர் பாஸானதும் மஞ்சள் கோடுகளோடு அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

அன்றைய தேர்வில் 200 கேள்விகள், 4 மணி நேரம். திரையைப் பயன்படுத்தும் விதத்தை விளக்க முதலில் 15 நிமிடம் தருவார்கள். பலர் அந்த விளக்கத்தைப் படிக்கவே மாட்டார்கள். முடிந்த வேலையின் மதிப்பான ஈவியை உண்மைச் செலவான ஏசியால் வகுத்தால் செலவைக் காட்டும் சிபிஐ, திட்டமிட்ட மதிப்பான பிவியால் வகுத்தால் கால அட்டவணையைக் காட்டும் எஸ்பிஐ, மொத்த பட்ஜெட்டை சிபிஐயால் வகுத்தால் கடைசியில் ஆகப்போகும் செலவு என்று வெற்றுத் தாளில் மளமளவென்று கொட்டிவிடுவார்கள். வீட்டில் கடிகாரம் வைத்து இதற்கு ஒத்திகையும் நடக்கும். தேர்வு நேரம் ஓடத் தொடங்கும் முன் எதுவும் எழுதக் கூடாது என்று பின்னால் தடை வந்தது.

2021 ஜனவரியில் தேர்வின் முகமே மாறியது. 180 கேள்விகள், 230 நிமிடங்கள், நடுவே இரண்டு சிறு இடைவேளைகள். மனிதர்களைக் கையாள்வதற்கு மட்டும் 42 சதவீதம். ஏறக்குறைய பாதிக் கேள்விகள், சிறு சுற்றுகளாக வேலை செய்யும் அஜைல், அதைப் பழைய முறையோடு கலக்கும் ஹைப்ரிட் முறைகளிலிருந்து. அதே ஆண்டில் வந்த பிம்பாக் ஏழாம் பதிப்பு 49 செயல்முறைகளை விட்டுவிட்டு 12 கோட்பாடுகளை முன்னே வைத்தது.

இன்றைய கேள்வி இப்படி இருக்கும்: டீமில் ஒருவர் இரண்டு வாரமாகத் தினசரி ஸ்டாண்டப் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை, அவர் வேலையும் தேங்குகிறது. ப்ராஜெக்ட் மேனேஜர் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஸ்பான்சரிடம் சொல்வதா, ஆளை மாற்றுவதா, இஷ்யூ லாகில் பதிவதா, தனியாக அழைத்துப் பேசுவதா? நான்குமே நம் ஆபீஸ்களில் நடப்பவைதான். "எதுக்கும் மேல ஒரு வார்த்தை சொல்லி வெச்சிடுவோம்" என்பதுதான் பல இடங்களில் தற்காப்பு. தேர்வோ, பேசிக் காரணத்தைத் தெரிந்துகொண்டு தன் அதிகாரத்துக்குள் தீர்க்கப் பார்ப்பவரையே தேடுகிறது. வருடக்கணக்கில் ஊறிப்போன பழக்கத்தைத் தனியாக உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொள்வது, 49 செயல்முறைகளை உருப்போடுவதைவிடக் கடினம். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். ப்ராஜெக்டுகள் பெரும்பாலும் சறுக்குவது சூத்திரம் தெரியாமல் அல்ல, பேச வேண்டியவரிடம் பேசாமல்.

ஆனால் தானாகப் படிப்பவரின் சிக்கலும் இடம் மாறிவிட்டது. அன்று படிக்கக் கிடைத்தது சொற்பம். விண்ணப்பிக்கத் தேவையான 35 மணி நேரப் பயிற்சிக்குப் பலர் வார இறுதி வகுப்புகளுக்கு அலைந்தார்கள். இன்று அதை யூடெமியில் இரவு பத்து மணிக்கு மேல் முடித்துவிடலாம். யூடியூபில் கேள்வி அலசல்கள் குவிந்திருக்கின்றன. தேர்வை நடத்தும் பிஎம்ஐ அமைப்பின் ஸ்டடி ஹாலில் மாதிரித் தேர்வுகளும் உண்டு. வீடியோ ஓடுவதையே படிப்பதாக எண்ணிக்கொள்வது இங்கே சுலபம். போதாததற்கு 'மைண்ட்செட்' என்ற பெயரில் விதிப் பட்டியல்கள் சுற்றுகின்றன. 'ஸ்பான்சரிடம் போகாதே' என்று உருப்போட்டவர், நிஜமாகவே ஸ்பான்சர் முடிவெடுக்க வேண்டிய பட்ஜெட் கேள்வியில் தடுக்கி விழுகிறார். மனப்பாடம் கொல்லைப்புற வழியாகத் திரும்பிவிட்டது.

இதைத் தவிர்க்க, தவறிய கேள்விக்கு விடையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள். மற்ற மூன்று விடைகளும் எந்தச் சூழ்நிலையில் சரியாக இருந்திருக்கும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதிரித் தேர்வு மதிப்பெண் ஏறுகிறதா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.