மெட்டு பழையது, சொல் புதியது

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் தெம்மாங்கு, கும்மி, தாலாட்டு மெட்டுக்களையும் உடன் கொணர்ந்தனர். அம்மெட்டுக்களிலே கங்காணியும் துரையும் பாட்டாயினர்.

ஒரு மெட்டில் வேறு சொற்கள் எங்ஙனம் அமையும்? மெட்டு எழுத்தை எண்ணுவதன்று, தாளத்தையே நோக்குவது. சொல் குறையுமிடத்தில் உயிரோசையை நீட்டி நிரப்புவர். சிந்திலக்கணம் இதனை அசைநீட்டம் என்னும்.

மெட்டு பொருளையும் சுமக்கும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் ஆண்டையும் நந்தனாரும் பேசும் பாட்டுக்கள் உண்டு. கலெக்டர் விஞ்சும் சிதம்பரம் பிள்ளையும் 1908-இல் எதிர்நின்றதைப் பாடிய சுப்பிரமணிய பாரதியார், நந்தனார் மெட்டுக்களையே கொண்டார். கீர்த்தனையை அறிந்தவர்க்குக் கலெக்டர் குரலில் ஆண்டையின் குரல் கேட்கும். சொல்லில் இல்லாத இப்பொருளை மெட்டே தந்தது.

அதனாலன்றோ பாரதியார் பாட்டின் தலையில் 'வர்ணமெட்டு' இன்னதெனக் குறித்தார்! தோட்டப் பாட்டைச் சொல்லளவில் எழுதிவைத்தால் பாதிப் பாட்டே எஞ்சும். இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்போருள் பிற நாட்டாரே மிகுதி. பழம்பாட்டறிந்த தமிழ் முதியோர் அருகி வருகின்றனர். தமிழாசிரியர்கள் மாணாக்கரை அவர்களிடம் அனுப்புக. பாட்டை எழுதும்போதே, 'இஃது எந்தப் பாட்டின் மெட்டு?' என்றும் கேட்டுக் குறிக்கச் செய்க.