விமானியின் அறையும் விருந்தினரும்

ஆகாய விமானத்தின் முன்புறத்தில் விமானிகள் அமர்ந்து வேலை செய்யும் அந்தச் சிறிய அறைக்குள் யார் யார் பிரவேசிக்கலாம் என்ற கேள்வி பார்வைக்கு அற்பமானதாகத் தோன்றும். அரிசி விலையும் வேலையில்லாத் திண்டாட்டமும் ஜனங்களை வாட்டும் தேசத்தில் இதற்கெல்லாம் பத்தி ஒதுக்க வேண்டுமா என்று நமது வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். ஆனால் நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் பிராணன் அந்த ஒரு கதவை நம்பியிருக்கிறது. சட்டம் சாமானியனுக்கு ஒருவிதமாகவும், சலுகை பெற்றவர்களுக்கு வேறுவிதமாகவும் நடக்கலாமா என்ற நமது பழைய வழக்கும் அதனுள் அடங்கியிருக்கிறது.

2023ஆம் வருஷம் பிப்ரவரி 27ந் தேதி துபாயிலிருந்து டில்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில் நடந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரயாணியாக வந்த தம் சிநேகிதி ஒருவரை விமானி தமது அறைக்குள் அழைத்து உட்கார வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் அதே கம்பெனியின் சிப்பந்திதான். எனினும் அன்று அங்கே அவருக்கு அலுவல் ஒன்றுமில்லை. விமானப் பணியாளர் ஒருவர் துணிந்து புகார் எழுதினார். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விசாரணை செய்து, மே மாதத்தில் கம்பெனிக்கு 30 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. விமானியின் லைசென்ஸை மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. பக்கத்தில் இருந்தும் தடுக்காத துணை விமானியை எச்சரித்தது. அபராதத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தைக் கவனிக்க வேண்டும். பந்தோபஸ்து சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தில் கம்பெனி உடனுக்குடன் தக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்பதே அது. இந்தத் தண்டனையின் மை உலர்வதற்குள், டில்லியிலிருந்து லே நகருக்குப் பறந்த அதே கம்பெனியின் விமானமொன்றில் அதே குற்றம் திரும்பவும் நடந்தது வெளிப்பட்டது. லே விமான நிலையமோ சுமார் 10,600 அடி உயரத்தில், மலைகளுக்கிடையே இருப்பது. விமானியின் முழுக் கவனத்தையும் கோருவது. இம்முறை ஒருவருக்கு ஒரு வருஷமும் மற்றவருக்கு ஒரு மாதமும் லைசென்ஸ் நிறுத்தப்பட்டது.

இந்தக் கதவு எப்பொழுதுமே சாத்தியிருந்ததன்று. 1932ஆம் வருஷம் அக்டோபர் 15ந் தேதி ஸ்ரீ ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் பறந்து வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அவற்றைப் பல்லாரி வழியாக நமது சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த ஒற்றை எஞ்சின் விமானத்தில் கதவு ஏது, அறை ஏது? விமானியின் முதுகுக்குப் பின்னாலேயே ஓரிருவர் உட்காரத்தான் இடம் இருந்தது. பின்பு பெரிய விமானங்கள் வந்தன, கதவும் வந்தது. ஆயினும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அது வெகுகாலம் பெயரளவுக்கே கதவாக இருந்தது. நடுவானில் பணிப்பெண் வந்து, “தம்பி, விமானியைப் பார்க்க வருகிறாயா?” என்று கேட்பாள். பையன் உள்ளே போய், எண்ணற்ற முட்களும் விளக்குகளும் மின்னும் பலகையையும், கண்ணாடிக்கு அப்பால் விரிந்து கிடக்கும் மேகக் கடலையும் கண்டு வாய் பிளந்து நிற்பான். அப்படி நின்ற பிள்ளைகளில் பலர் பிற்காலத்தில் தாமே விமானிகளாயினர். ஐக்கிய அமெரிக்கா மட்டும் தன் கம்பெனிகளின் விமானங்களில் இதற்கு வெகு முன்பே தடை விதித்திருந்தது.

அந்த அருமையான வழக்கத்தில் ஒளிந்திருந்த அபாயத்தை ருஷ்யா தேசத்துச் சம்பவம் ஒன்று உலகுக்குக் காட்டிற்று. 1994ஆம் வருஷம் மார்ச்சு 23ந் தேதி இரவு, மாஸ்கோவிலிருந்து ஹாங்காங்குக்கு ஏரோபிளாட் கம்பெனியின் ஏர்பஸ் விமானம் ஒன்று 75 பேருடன் சைபீரியாவின் மேல் பறந்துகொண்டிருந்தது. விமானி தம் மகளையும் மகனையும் ஒருவர்பின் ஒருவராகத் தமது ஆசனத்தில் உட்கார வைத்தார். விமானத்தை அப்பொழுது தானியங்கிக் கருவி ஓட்டிக்கொண்டிருந்தமையால் குழந்தைகள் கைவைப்பதால் கெடுதல் நேராது என்று அந்தத் தகப்பனார் நம்பியிருக்க வேண்டும். மகளால் ஒன்றும் நேரவில்லை. பதினாறு வயதுகூட நிரம்பியிருந்ததோ இல்லையோ என்னும்படியான அந்தப் பையன் சக்கரத்தைச் சிறிது நேரம் ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்திருந்தான். உடனே தானியங்கிக் கருவி, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பொறுப்பை மட்டும் சத்தமில்லாமல் கைவிட்டுவிட்டது. அதை அறிவிக்க ஒரு சிறு விளக்குத்தான் எரிந்தது, மணி ஒலிக்கவில்லை. மணி ஒலித்து எச்சரிக்கும் சோவியத் விமானங்களில் பழகிய விமானிகளின் கண்ணில் அந்த விளக்குப் படவேயில்லை. விமானம் தானாகத் திரும்புகிறதே என்று முதலில் கேட்டவன் அந்தப் பையன்தான்! பெரியவர்கள் விஷயத்தை உணர்வதற்குள் விமானம் செங்குத்தாகச் சாய்ந்து சரிந்துவிட்டது. எவ்வளவோ போராடி ஓரளவு நிமிர்த்தியும் உயரம் போதாமல் மலைக்காட்டில் மோதிற்று. 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இதில் சதிகாரன் என்று எவனும் இல்லை. பிள்ளைப் பாசம் ஒன்றே காரணம் என்பதுதான் நெஞ்சைப் பிளக்கிறது.

கெட்ட எண்ணமுள்ளவர்களுக்கும் அதே கதவு எளிதாகவே திறந்தது. 1999 ஜூலை 23ந் தேதி ஜப்பானில் கத்தியுடன் புகுந்த ஒருவன், 500க்கு மேற்பட்டோர் இருந்த ஜம்போ விமானத்தின் தலைமை விமானியைக் குத்திக் கொன்றான். அதே வருஷம் டிசம்பர் 24ந் தேதி காட்மாண்டுவிலிருந்து டில்லிக்கு வந்த நமது இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கைப்பற்றியவர்கள் அதைக் காந்தஹாருக்குக் கொண்டுசென்றனர். ஒரு பிரயாணியைக் கொன்றனர். மூன்று கைதிகளை விடுவித்த பின்னரே டிசம்பர் 31ந் தேதி மற்றவர்களை விட்டனர். அந்த எட்டு நாட்களின் அவமானம் இந்தியர் எவர் நெஞ்சிலிருந்தும் இன்னும் அகலவில்லை. 2000 டிசம்பர் 29ந் தேதி லண்டனிலிருந்து நைரோபிக்குச் சென்ற பிரிட்டிஷ் விமானத்தில் சித்தம் கலங்கிய பிரயாணி ஒருவர் உள்ளே பாய்ந்து சக்கரத்தைப் பற்றினார். சுமார் 400 பேர் மயிரிழையில் தப்பினர்.

பிறகு 2001 செப்டம்பர் 11. அதுவரை, விமானத்தைக் கடத்துகிறவன் பேரம் பேசவே வருகிறான், அவன் சொற்படி நடந்து தரையிறங்கினால் உயிர் தப்பலாம் என்றே விமானிகளுக்குப் போதித்திருந்தார்கள். அந்தப் போதனை ஒரே காலை வேளையில் பொய்த்தது. அமெரிக்க சர்க்கார் 2003 ஏப்ரல் 9ந் தேதிக்குள் குண்டு துளைக்காத கதவுகளைப் பொருத்தும்படி உத்தரவிட்டது; சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 60 ஆசனங்களுக்கு மேற்பட்ட விமானங்களுக்கு அதே வருஷம் நவம்பர் 1ந் தேதியைக் கெடுவாக வைத்தது. நடுவானில் பிள்ளைகளை அழைத்துக் காட்டும் வழக்கம் உலகெங்கும் அத்தோடு அஸ்தமித்தது.

நிற்க. கதவைப் பூட்டினால் ஆபத்து முடிந்ததா? வெளியே இருப்பவன் மட்டுமே அபாயகாரன் என்ற அனுமானத்தின்மேல் அந்தக் கதவு கட்டப்பட்டது. பணியாளர் ரகசிய எண்ணை அழுத்தினாலும், உள்ளே இருப்பவர் ஒரு விசையைத் தள்ளி அதைச் செல்லாததாக்கிவிடலாம். உள்ளிருப்பவனே கெடுத்தால் என்ன செய்வது? 2013 நவம்பர் 29ந் தேதி மொஸாம்பிக் தேசத்து விமானத்தில், தலைமை விமானி தம் துணைவர் வெளியே சென்ற சமயம் கதவைத் தாழிட்டு விமானத்தைத் தரையில் மோதவிட்டார். 33 பேர் மாண்டனர். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. விழுந்தது ஆப்பிரிக்காவில் என்பதாலோ என்னவோ! பதினாறு மாதங்கள் கழித்து, 2015 மார்ச்சு 24ந் தேதி, பார்ஸிலோனாவிலிருந்து ட்யூஸல்டார்ஃபுக்குச் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் துணை விமானி அதையே செய்தார். வெளியே நின்ற தலைமை விமானி கதவைத் தட்டினார், மன்றாடினார், உடைக்கவும் முயன்றார். கதவு தன் கடமையைச் செம்மையாகவே செய்தது. ஆல்ப்ஸ் மலையில் 150 பேர் அழிந்தனர். அதன் பிறகே, அறைக்குள் எந்நேரமும் இருவர் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய அதிகாரிகள் சிபாரிசு செய்தார்கள். மறு வருஷமே அது தளர்த்தப்பட்டது. 2017இல் ஜெர்மானியக் கம்பெனிகள் அதைக் கைவிட்டன. இந்த அவசரம் நமக்குச் சம்மதமில்லை. இருவர் இருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடுமா என்று கேட்பவர்களை, ஒருவர் இருந்தபோது நடந்ததை ஒருமுறை எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. பறக்கும் விமானத்தில் அலுவலில்லாத எவரும் அந்த அறைக்குள் போகலாகாது. விமானியின் சிநேகிதராயினும், கம்பெனி முதலாளியின் உறவினராயினும், மந்திரியாயினும் ஒன்றே. அமெரிக்காவிலும் சலுகை நோய் இல்லாமலில்லை. 2024 ஏப்ரலில் டென்வரிலிருந்து டொராண்டோவுக்குப் பந்தாட்டக் கோஷ்டி ஒன்றை ஏற்றிச் சென்ற வாடகை விமானத்தில், அக்கோஷ்டியின் பயிற்சியாளர் விமானியின் ஆசனத்திலேயே அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். படம் வெளியான பிறகே விசாரணை பிறந்தது. அறைக்குள் உள்ள உபரி ஆசனத்தில் அமர உரிமை பெற்றவர்களையும் கண்மூடி நம்புவதற்கில்லை. 2023 அக்டோபர் 22ந் தேதி அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானமொன்றில் அந்த ஆசனத்தில் இருந்த ஓய்வு விமானியே, இரு எஞ்சின்களுக்கும் எரிபொருள் செல்வதைத் துண்டிக்கும் கைப்பிடிகளை இழுக்க முயன்றார். உரிமைச் சீட்டு வேறு, அன்றைய மனநிலை வேறு.

சட்டத்தைவிடப் பெரிய விஷயம், அதை மீறுகிறவரைப் பற்றி வாய் திறக்கிறவருக்கு என்ன பாதுகாப்பு என்பது. துபாய் விமானத்து விவகாரம் வெளிவந்தது ஒரு பணியாளரின் புகாரால்தானே? வானத்தில் விமானியே அரசர். அவருக்குக் கீழே வேலை செய்கிறவர் அவர்மீது புகார் எழுதுவது, ஜில்லா கலெக்டர்மீது தாலுகா குமாஸ்தா மனுப் போடுவதைப் போன்றது. புகார் கொடுப்பவரின் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பங்கம் வராதபடி இயக்குநரகம் விதி செய்து, புகார் நேரே தன்னிடமே வரும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். பிரிட்டிஷார் 1934இல் இயற்றிய விமானச் சட்டத்தை அகற்றி, 2024இல் நமது பார்லிமெண்டு பாரதீய வாயுயான் அதினியம் என்ற புதுச் சட்டத்தை நிறைவேற்றி, அது 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. பெயர் மாறினது சந்தோஷமே. அதன் கீழ்ச் செய்யும் விதிகளில் சிப்பந்தியின் குரலுக்கும் இடம் இருக்கட்டும்.

பிள்ளைகள் விஷயம் பாக்கி இருக்கிறது. விமானம் தரையில் நிற்கையில், எஞ்சின் ஓடாதபோது, விமானி விரும்பி ஒரு குழந்தையை உள்ளே அழைத்துக் காட்டுவதில் பிசகில்லை. பல தேசங்களில் அது இன்றும் நடக்கிறது. ஆனால் அதுவும் டிக்கெட் வாங்க வகையுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே கிட்டும் பாக்கியம். தலைக்குமேல் செல்லும் விமானத்தைப் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் ராமநாதபுரத்துப் பையன் என்ன பாவம் செய்தான்? சேவை முடிந்து ஒதுக்கப்பட்ட விமானங்களை உடைத்து இரும்பு விலைக்கு விற்பதற்குப் பதிலாக, சென்னை, மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களில் ஒவ்வொன்றை நிறுத்தி, பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டால், கம்பெனிகளுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.

கடைசியாக ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22ந் தேதி பெங்களூரிலிருந்து காசிக்குச் சென்ற விமானத்தில் ஒரு பிரயாணி விமானி அறையின் கதவைத் திறக்க முயன்றார். கழிப்பறையைத் தேடியதாகச் சொல்லப்பட்டது. விமானி திறக்காமல் காத்ததால் விபரீதம் நேரவில்லை. ஆனால் விமானிகளும் மனிதர்களே. கழிப்பறைக்கும் உணவுக்கும் அவர்கள் கதவைத் திறந்தாக வேண்டும். அந்தச் சில விநாடிகளைக் காப்பதற்காகக் கதவுக்கு முன்னால் இன்னொரு தடுப்பு வைக்க வேண்டும் என்று அமெரிக்க அதிகாரிகள் 2023இல் புதிய விமானங்களுக்கு விதி செய்தார்கள். அதே 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களையும் இண்டிகோ 500 விமானங்களையும் வாங்கப்போவதாக அறிவித்தன. பழைய விமானத்தில் வெட்டி ஒட்டுவதைவிடப் புதியதைக் கட்டும்போதே தடுப்பைச் சேர்ப்பது சுலபம், செலவும் குறைவு. இந்த விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்குவதற்கு முன்னால் நமது சர்க்கார் அந்த விதியை இங்கும் செய்யுமா என்று கேட்கிறோம்.