சுற்றுச்சூழல் பொறியியற் கல்வி

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். நீரின் அருமையுணர்ந்த மரபு நம்முடையது. அந்நீரும் காற்றும் நிலமும் கெடாமற் காக்கும் கல்வியே சுற்றுச்சூழல் பொறியியல். அதனை இளநிலைப் பட்டமாகப் பயிலலாமா என மாணவரும் பெற்றோரும் நம்மிடம் வினவுகின்றனர். தமிழாசிரியராகிய நாம் பொறியியல் வல்லுநர் அல்லோம். எனினும் அண்மையிலுள்ள ஓர் ஊரைச் சான்றாக்கி விளக்க முற்படுவோம்.

கொள்ளிடத்தின் வடபாலுள்ள மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. புழுங்கலரிசிக்காக நெல்லை ஊறவைத்து அவிக்கின்றனர். ஊறல் நீரில் நெல்லின் கரிமப் பொருள்கள் கரைகின்றன. அந்நீர் தேங்கினால் நுண்ணுயிர்கள் அப்பொருள்களைச் சிதைத்து, நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும், துர்நாற்றம் எழும். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பல். ஆக, 1,000 கிலோ நெல்லின் உமி முழுவதும் எரிந்தால் சுமார் 40 கிலோ சாம்பல் எஞ்சும். காற்றில் பறந்து கண்ணை உறுத்தும் அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. தக்க வெப்பத்தில் எரித்து நுண்ணிதாய் அரைத்தால் சிமெண்டுடன் கலந்து பயன்படுத்தலாம்.

ஆலையை மூடுக என்பது தீர்வன்று. பல இல்லங்களில் அடுப்பெரிவது அதனால்தான். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்க என்பதும் நீதியன்று. ஆலையும் இயங்க வேண்டும். வாய்க்காலும் வாழ வேண்டும். இவ்விரண்டிற்கும் வழி காண்பதே இப்பொறியாளரின் பணி. அதற்கெனவே வேதியியல், நுண்ணுயிரியல், நீரியல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியன பயிற்றப்படுகின்றன. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை இப்பணியின் தேவையை வளர்த்தன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் தோன்றியது.

இத்துறையை அடைய இரு வழிகள் உண்டு. நேரே இளநிலையிற் சேர்வது ஒன்று. கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆற்றலையும் சுற்றுச்சூழலையும் இணைத்து இளநிலைப் பொறியியல் பயிற்றியுள்ளது. கட்டடப் பொறியியலையோ வேதிப் பொறியியலையோ முதலிற் கற்று, முதுநிலையில் இதனைத் தேர்வது மற்றொன்று. முதல் வழி ஆழம் தரும். இரண்டாவது வேலைவாய்ப்பின் வாயில்களை அகலத் திறந்து வைக்கும். எவ்வழியாயினும், சேருமுன் மூன்றைத் தெளிக: படிப்புக்கு உரிய ஒப்புதல் உண்டா? ஆய்வகம் உண்டா? பணியமர்த்தும் வாரியங்களின் அறிவிக்கைகளில் அப்பட்டத்தின் பெயர் இடம்பெறுகிறதா? பட்டத்தின் பெயர் பொருந்தாமையால் தகுதியுள்ளோரும் வாயிலிலேயே நின்றுவிட நேரலாம்.

மாணவச் செல்வங்களே! கற்கப் புகுமுன் ஒருநாள் ஓர் ஆலைக்குச் சென்று, ஊறல் நீர் எங்கே போகின்றது என்று கேட்டுப் பாருங்கள். அவ்வினா உங்களை உறங்கவிடாவிடின், இக்கல்வி உங்களுக்குரியது.