மழைக்காகப் பார்த்த சூரியன்

சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று. எங்கள் வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் மிச்சமிருந்த ஆகாயம் தேவதானத்துக்கு வந்தது. நச்சாடை தவிர்த்தருளிய சுவாமியைக் கும்பிட வரும் வெளியூர்க்காரர்கள், ‘ஆகாயத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?’ என்று விளையாட்டாகக் கேட்பதுண்டு. மேற்கே மலை, மற்ற மூன்று பக்கமும் அதுதான் என்று சொல்லிவிடுவோம்.

அந்த ஆகாயத்தை ஊர் அண்ணாந்து பார்த்தது பெரும்பாலும் மழைக்காக. மலை முகட்டில் மேகம் இறங்குகிறதா, மின்னல் எந்தத் திசையில் வெட்டுகிறது, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறதா. ‘அகல் வட்டம் பகல் மழை’ என்பார் தாத்தா, களத்துமேட்டில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு. விடிவெள்ளி கிளம்பினால் கமலை பூட்ட எழுந்துவிடுவார். வானியல் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. வானத்தைப் பார்க்காமல் அவர் தூங்கியதும் இல்லை.

இதே மழைக் கேள்விதான் கொடைக்கானலில் ஒரு சூரிய ஆய்வகத்தைக் கட்டவைத்தது என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. மறு ஆண்டே நார்மன் லாக்யர் என்ற வானியலாளரும் ஹண்டர் என்ற அதிகாரியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன, தென்னாட்டுப் பஞ்சங்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன என்பது அவர்கள் வாதம். பஞ்ச காலத்திலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்த நாட்டில், பழியைச் சூரியன்மேல் போடுவது ஆண்டவர்களுக்கு வசதியாகவும் இருந்திருக்கும். எப்படியோ, சூரியனைத் தினமும் கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1899இல் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் ஆய்வகம் உருவானது.

அங்கே நடந்தது சலிப்பான வேலை. காலையில் மேகம் மூடுவதற்குள் கண்ணாடித் தகட்டில் சூரியனைப் படம் பிடிப்பது, இருட்டறையில் கழுவுவது, தேதி எழுதி அடுக்குவது. அது போக, வட்டம் அச்சடித்த தாளில் அன்றைய கரும்புள்ளிகளையும் தீநாக்குகளையும் வெவ்வேறு நிறங்களில் கையால் வரைந்து வைப்பது. 1904இலிருந்து இதுதான் வாடிக்கை. 1909இல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று பாடப் புத்தகத்தில் ஏறியது அது. மற்ற நாளெல்லாம் பெயரில்லாத வேலை. இரண்டு உலகப் போர் வந்து போயிற்று, வெள்ளைக்காரன் போனான், தகடுகள் சேர்ந்துகொண்டே இருந்தன.

மழைக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. கரும்புள்ளியை எண்ணிப் பருவமழையைச் சொல்லும் வித்தை இன்றுவரை யாருக்கும் கைகூடவில்லை.

இன்றைக்கு வருவோம். 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, சூரியனைக் கவனிக்கும் ஆதித்யா-எல்1 விண்கலம் கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். பள்ளிப் படிப்பும் அங்கேதான். எங்கள் ஊர் விலக்கில் நின்று தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி தாண்டி அதே சாலையில் செங்கோட்டை வந்துவிடும். 2024 ஜனவரி 6ஆம் தேதி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஆதித்யா. அங்கே மேகம் இல்லை, இரவும் இல்லை. அதிலுள்ள ஏழு கருவிகளில் பெரியது, சூரியவட்டை ஒரு தடுப்பால் மறைத்துச் சுற்றியிருக்கும் ஒளிமகுடத்தைப் பார்க்கும் கருவி. செயற்கையாக ஒரு கிரகணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒன்றாக நாளைக்கு 1,440 படம் எடுக்கும்படி அதை வடிவமைத்தவர்கள் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் மையத்தினர். கொடைக்கானல் ஆய்வகமும் அவர்களுடையதே.

கேள்வி மாறிவிட்டதா என்றால், மாறியதுபோல் தெரிகிறது. இன்று பயம் பஞ்சம் பற்றியதல்ல, சூரியப் புயல் பற்றியது. 2022 பிப்ரவரியில், பெரிது என்று சொல்ல முடியாத ஒரு புயலிலேயே, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 வீணாயின. 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லே வானமே சிவந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நாற்று விடலாமா என்று இன்று கைப்பேசியில் மழை பார்க்கிறோம். அந்த முன்னறிவிப்பு செயற்கைக்கோளை நம்பியிருக்கிறது. செயற்கைக்கோள் சூரியனின் மனநிலையை நம்பியிருக்கிறது. லாக்யர் நினைத்த வழியில் இல்லை என்றாலும், மழைக்காகச் சூரியனைப் பார்க்கும் வேலை சுற்றி வந்து மறுபடியும் நம் தலையில்தான் விழுந்திருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பழைய தகடுகள் மூலைக்குப் போகவில்லை என்பது. சூரியனின் துருவங்களில் காந்தப்புலம் எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அதைப் பொறுத்தே அடுத்த 11 ஆண்டுச் சுற்றின் வேகம் அமைகிறது. அதை நேரடியாகத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியது 1970களில்தான். கையில் இருப்பது நாலைந்து சுற்றுகளின் கணக்கு. நாலைந்து வருஷ மழையைப் பார்த்துக் கண்மாய்க் கரையின் உயரத்தைத் தீர்மானிப்பவனை ஊர் என்ன சொல்லும்? அதற்கு முந்தைய கணக்கு கொடைக்கானல் அலமாரியில் இருந்தது. கால்சியம் உமிழும் ஊதா ஒளியில் எடுத்த படங்களில், காந்தப்புலம் உள்ள இடங்கள் பளிச்சென்று வலைப்பின்னலாகத் தெரியும். 2007 வரை எடுத்த அந்தத் தகடுகளைக் கணினியில் ஏற்றி, துருவப் பகுதியின் பளிச்சுகளைக் கணக்கெடுத்து, நூறாண்டுத் துருவக் காந்தப்புலத்தை மீட்டிருக்கிறார்கள் பெங்களூர், நைனிடால் ஆய்வாளர்கள். எத்தனை கோடி செலவழித்துக் கருவி செய்தாலும் 1915ஆம் ஆண்டுச் சூரியனை அது படம் எடுக்காது. அன்று குளிரில் எழுந்துபோய் எடுத்தவர்கள்தான் எடுத்தது.

எங்கள் ஆகாயம்தான் கொஞ்சம் இளைத்துவிட்டது. களத்துமேட்டில் இப்போது எல்இடி விளக்கு. வடகிழக்கே ராஜபாளையத்தின் வெளிச்சம் அடிவானத்தை வெளுக்கவைக்கிறது. ஆறாமீனைத் தேடிப் பிடிக்கலாம். பால்வீதியைப் பார்க்க மலையடிவாரத்தில் சாஸ்தா கோவில் பக்கம் போக வேண்டியிருக்கிறது. யானை நடமாட்டம் உண்டு என்பதால் அதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வீட்டிலிருந்தே பார்க்க ஒன்று இருக்கிறது. கொடைக்கானல் தகடுகளின் படங்களை இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ பிறந்த தேதி சரியாகத் தெரிந்தால் தேடிப் பாருங்கள். அன்று காலை கொடைக்கானலில் மேகம் இல்லாதிருந்தால், அன்றைய சூரியன் அதில் இருக்கும்.