அம்மாவின் ஃபைலை எடைக்குப் போட்டுடாதீங்க!

ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? காரவள்ளியைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தூரம் ஏறுவதற்குள் வேனில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிடுவார்கள். மேலே அறப்பளீஸ்வரர் தரிசனம், ஆகாய கங்கையில் குளியல், வழியெல்லாம் அன்னாசியும் மலை வாழைப்பழமும். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொல்வார், "வயிறு கல்லு மாதிரி உப்பிக்கிட்டு இருக்குடி. அன்னாசி ஒத்துக்கலை போல." ஓம வாட்டரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்.

பெரும்பாலும் அம்மா சொல்வது சரிதான். இரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் மாதத்தில் 12 நாளுக்கு மேல் வயிறு உப்புகிறது, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, அடிவயிறு வலிக்கிறது, அடிக்கடி சிறுநீர் போகத் தோன்றுகிறது... இதெல்லாம் கடந்த ஓராண்டுக்குள் புதிதாக வந்தது என்றால், பழி அன்னாசி மேல் இல்லை. சினைப்பையை, அதாவது ஓவரியைப் பார்த்தாக வேண்டும்.

சினைப்பைப் புற்றுநோய் பொல்லாதது. ஏனென்றால், அது இருக்குமிடம் அப்படி. அடிவயிற்றுக்குள் ஆழத்தில் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் உறுப்பு. அங்கே கட்டி வளர இடம் தாராளம். வலி வருவதற்குள் நோய் வயிறு முழுக்கப் பரவியிருக்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

"நான்தான் பாப் ஸ்மியர் எடுத்துட்டேனே!" என்பீர்கள். அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை. சினைப்பைக்கு அது எதுவும் சொல்லாது. அறிகுறியே இல்லாத பெண்களுக்கு வருஷாவருஷம் ஸ்கேனும் சி.ஏ-125 ரத்தச் சோதனையும் செய்தால் உயிரைக் காப்பாற்ற முடியுமா என்று பிரிட்டனில் 2 லட்சம் பெண்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2021-ல் வந்த முடிவு: சாவு குறையவில்லை. சி.ஏ-125 அளவு மாதவிலக்கிலும், நார்த்திசுக் கட்டியிலும், வயிற்றுக் காசநோயிலும்கூட ஏறும். ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே பதறவும் வேண்டாம், நீங்களே நிம்மதியாகிவிடவும் வேண்டாம். அறிகுறி இருந்தால் மகப்பேறு மருத்துவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வார்.

சரி, முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்க வழியே இல்லையா? சில குடும்பங்களில் உண்டு. அந்த எச்சரிக்கையை விட்டுப்போகிறவர் பெரும்பாலும் அம்மாதான்.

ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலியின் தாயார் 2007-ல் 56 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவருக்குச் சினைப்பைப் புற்று கண்டுபிடிக்கப்பட்டது 49 வயதில். பாட்டியும் அதே நோயில் போனவர். மகள் ரத்தப் பரிசோதனை செய்ததில் 'பி.ஆர்.சி.ஏ-1' என்ற மரபணுக் கோளாறு தெரிந்தது. அதை 2013-ல் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். 2015-ல், தன் 39 வயதில், அதாவது அம்மாவுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே, சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிட்டார். எல்லோரும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கோளாறு உறுதியானவர்கள், குழந்தை பெற்று முடித்தபின், மருத்துவரோடு பேசி எடுக்கவேண்டிய முடிவு அது.

நம் ஊரிலும் துக்கத்தை வேலையாக மாற்றியவர் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனைதான் 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. ஆஸ்பத்திரி கட்டுவது நம்மால் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஃபைலைப் பாதுகாக்கலாமே!

அம்மா போனபின் அவர் பட்டுப்புடவையை நாப்தலின் உருண்டை போட்டு வைக்கிறோம். மருத்துவ ஃபைலை மட்டும் கண்ணில் படவேண்டாம் என்று பழைய பேப்பரோடு தள்ளிவிடுகிறோம். அதில் இருக்கும் பயாப்சி ரிப்போர்ட்தான் உங்கள் மகளுக்கான சொத்து. எந்த உறுப்பில் தொடங்கியது, எந்த வகை, எந்த வயதில் என்பதெல்லாம் அதில் இருக்கும். "வயித்துல கட்டி" என்று மட்டும் சொன்னால் மரபணு ஆலோசகரால் கணக்குப் போட முடியாது.

இன்னொன்று. இந்தக் கோளாறு ஆண்கள் வழியாகவும் இறங்கும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், ஆணோ பெண்ணோ, வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதனால் அப்பாவைப் பெற்ற பாட்டி, அத்தைமார் கதையையும் கேளுங்கள். "சம்பந்தம் பேசுற நேரத்துல இதைப் போய்க் கிளறணுமா?" என்று மாமியார் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, கேளுங்கள்.

கொல்லிமலையிலேயே வசிக்கும் பெண்களுக்குச் சிரமம் கூடுதல். செம்மேடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேற்கொண்டு பார்க்க, 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நாமக்கல்லில் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போகவேண்டும்.

மே 8 உலகச் சினைப்பைப் புற்றுநோய் தினம். அன்னையர் தினமும் அதே வாரத்தை ஒட்டித்தான் வருகிறது. அம்மா படத்துக்கு மாலை போட்ட கையோடு, ஒரு நோட்டில் அம்மா, பெரியம்மா, சித்தி, அத்தை என்று பெயர் எழுதி, எதிரே நோயையும் அப்போதைய வயதையும் குறித்து, மகளிடம் ஒரு நகல், மகனிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.